திரைக்கு அந்தப் பக்கம் பார்த்த படம்

மயிலாப்பூர், கச்சேரி ரோடு,
1934, செப்டம்பர்.

அன்பு மகன் ஹபீபுர் ரஹ்மானுக்கு வாப்பா அப்துல் வஹீத் சலாம் சொல்லி, துஆ செய்து எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உம்மாவும் தங்கை ஷாகிராவும் நானும், கடையும், கடை வாசலை விட்டு நகரமாட்டேன் என்று படுத்திருக்கும் பூனையும் சுகமே. சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று கப்பல் தபால் வந்து சொன்னால்தான் உன் உம்மாவுக்குச் சோறு இறங்குகிறது, ஆகவே இரண்டு வரியானாலும் தவறாமல் எழுது. போன கடிதத்தில் உங்கள் வாலிபர் சங்கத்தில் மாதம் ஒரு படம் காட்டப் போகிறீர்கள் என்றும், இளம்பிள்ளைகள் படிப்போடு படிப்பாகப் பார்க்கவேண்டிய படங்கள் எவை என்று இந்த விஷயத்தில் அனுபவஸ்தரான வாப்பா எழுதவேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அனுபவஸ்தர் என்று எழுதினாயே, அதனால் உன்னிடம் மட்டும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உன் உம்மாவுக்கு எழுதும் வரியில் இதை மூச்சு விடாதே. பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு எந்தப் படம் காட்டலாம் என்று முன்கூட்டிப் பார்த்துச் சொல்ல என்னை நியமித்தார்கள் அல்லவா, நானும் போய்ப் பார்த்தேன் அல்லவா, அதில் இரண்டாவது படம் ஓடும்போது நான் தூங்கிவிட்டேன். கண்ணயர்ந்தேன் என்று எழுதலாம், ஆனால் படம் காட்டும் மிஷினை ஓட்டின கரீமுல்லா அந்தக் குறட்டையைக் கேட்டவன், நாளைக்கே சிங்கப்பூருக்கு வந்து உன்னிடம் சொல்லிவிடுவான். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்கிறவன், பார்க்கச் சொன்ன ஒரே ஒரு சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் வந்த வினையைத்தான் இனி எழுதப் போகிறேன்.

நீ கப்பல் ஏறின பிறகு நம் தெருக்கோடிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கென்று தனி வாசல் வைத்து மூங்கில் தட்டி கட்டினார்கள், அது உனக்குத் தெரியும். தட்டி கட்டினால் போதுமா, பெண்கள் தெருவில் நடந்து வரமுடியுமா, அங்கேதான் உன் மாமி அஸ்மத்துன்னிசா வந்தாள். என் கூடப்பிறந்த அக்கா என்பதால் குறைத்தே சொல்கிறேன், நம் பக்கத்து வீடுகளில் எந்தக் குழந்தைக்கு எப்போது பால் மறக்கடிப்பது என்பதைக்கூட அவளைக் கேட்டுத்தான் செய்கிறார்கள். மச்சான் விட்டுப்போன திரை போட்ட மாட்டுவண்டியை அவள் பள்ளிக்கூடத்துக்கென்று விட்டாள். காலையில் அது வீடு வீடாய் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். வண்டி வந்தால் படிப்பு, வராவிட்டால் எல்லாப் பெண்களும் வீட்டில் உட்கார்ந்து பூண்டு உரிக்கவேண்டியதுதான். உன் தங்கை இப்போது நாலாவது பாரம், நீ போகுமுன் பலகையில் எழுதிக்கொடுத்த ஏ, பி, சியைப் பிடித்துக்கொண்டே இவ்வளவு தூரம் ஏறிவிட்டாள். ஸ்கூல் பைனல் முடித்து அங்கேயே டீச்சராக நிற்கவேண்டும் என்று ஆசை, என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் பூனையை முன்னால் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் கடையிலிருந்து பார்க்கிறேன். அவளுடைய படிப்பு முழுக்க அந்த இரண்டு மாடுகளின் கழுத்திலும் உன் மாமியின் மனசிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்.

இப்படி இருக்கையில் ஜலஜா டீச்சர், மாடவீதிப் பெண், சின்ன வயசு, பயம் என்பதே தெரியாதவள், அடையாற்றில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் பள்ளிக்கூடங்களுக்குப் படச்சுருள் இரவல் தருகிறாள் என்று கேள்விப்பட்டு, நம் பெண்களுக்கும் காட்டலாம், எங்காத்துல கூட எல்லாரும் ஒத்துண்டுட்டா என்று கமிட்டியில் வந்து சொன்னாள். கமிட்டி என்றால் காரியதரிசி சந்திரமௌலி ஐயரும் நானும் வாய் திறக்காத இன்னும் மூன்று பேரும். ஐயர் வக்கீல் இல்லையா, சினிமா பார்த்தால் கண்ணும் கெடும் குணமும் கெடும் என்று அரைமணி நேரம் வாதாடினார். இதே ஐயர் மாதம் தவறாமல் மவுண்ட் ரோடு கொட்டகையில் சால்வையால் தலையை மூடிக்கொண்டு பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து புராண டாக்கி பார்க்கிறார் என்பது அங்கே மிஷின் ஓட்டுகிற கரீமுல்லா எனக்குச் சொன்னது, நான் உனக்குச் சொல்கிறேன், நீ கடலில் போட்டுவிடு. முடிவில், பெண்களோடு அவர்கள் தாய்மார்களையும் அழைத்து ஒருதரம் காட்டுவது, தாய்மார்களுக்குத் திருப்தியானால் மாதாமாதம் காட்டுவது என்று ஆயிற்று. யார் முதலில் பார்த்து இது தகும், இது தகாது என்று சொல்வது என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐயர் சொன்ன நியாயத்தைக் கேள், கண்ணாடிக்கடை வைத்திருப்பவருக்கு எது பார்க்கத்தக்கது என்று தெரியாமலா இருக்கும் என்றார். முறுக்கு விற்கிறவனுக்குப் பல் வைத்தியம் தெரியும் என்பது மாதிரி. நானும் தலையை ஆட்டிவிட்டேன், புகழ்ச்சி என்றால் உன் வாப்பாவின் தலை தானாக ஆடும்.

தியாகராய நகரில் ஐயர் புதிதாகக் கட்டியிருக்கும் வீட்டுக் கூடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, ஒரு கல்யாண வீட்டு வலிமா விருந்தும் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். விருந்து சாப்பிட்டதுதான் தப்பு. முதல் படம் ரயில் எஞ்சின் எப்படிச் செய்கிறார்கள் என்பது, அதை விழித்துத்தான் பார்த்தேன், சத்தியம். ஐயர் அது முடிந்ததும் கட்சிக்காரர் வந்திருக்கிறார் என்று எழுந்து போய்விட்டார். இரண்டாவது ஈயைப் பற்றி. காலேஜ் வாலிபன் ஒருவன், தெருவில் ஒரு தட்டுப் பலகாரம், அதன்மேல் ஈக்கள், அவ்வளவுதான் நான் பார்த்தது. அந்த ஈக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவை ஒன்றாகி இரண்டாகி மங்கிப் போயின. கண் விழித்தபோது ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, கரீமுல்லா சுருளைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, “இன்னா பாய், படம் எப்டி கீது” என்று கேட்டான். அருமையான படம், பெண்கள் அவசியம் பார்க்கவேண்டும் என்றேன். அவன் சிரிக்கவில்லை, அதுதான் என்னை உறுத்தியது. ஐயரிடம் போய் ஈப் படம் ஒரு பொக்கிஷம் என்று சொன்னேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்கிறவனுக்கு வர்ணனை தாராளமாக வரும், அதைக் கவனித்துக்கொள்.

காட்சி சனிக்கிழமை பிற்பகல் பள்ளிக்கூடத்து நீளக் கூடத்தில். ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டி இருட்டாக்கினார்கள். கூடத்துக்கு நடுவே வெள்ளை மல் துணியைத் திரையாகக் கட்டி, இந்தப் பக்கம் மிஷினும் கரீமுல்லாவும், அந்தப் பக்கம் பெண்கள் என்று உன் மாமியே வந்து நின்று ஏற்பாடு செய்தாள். மிஷின் ஓட்டுகிறவன் கண்ணில்கூட எந்தப் பெண்ணும் படக்கூடாது, ஆனால் படம் எல்லாருக்கும் தெரியவேண்டும், மல் துணி என்பதால் வெளிச்சம் அந்தப் பக்கமும் ஊடுருவி விழும், அவள் யோசனை கெட்டிக்கார யோசனைதான். அவர்களுக்குத் தனி வாசல், தனித் தண்ணீர்ப் பானை. கரீமுல்லா என்னிடம் வந்து லேடீஸ் எல்லாரும் அந்தாண்டையா உக்கார்றாங்கோ, இந்தாண்டை யாருமே இல்லியா என்று இரண்டு தரம் கேட்டான். ஆமாம் அப்பா ஆமாம், உனக்கென்ன அதைப் பற்றி என்று கடிந்துகொண்டேன். அவன் போய்ச் சுருளை மறுபடி பிரித்து நோண்டிக்கொண்டு நேரம் கடத்தினான். எந்த ஆண்பிள்ளையும் எட்டிப்பார்க்காதபடி வாசலில் காவல் நிற்கும் வேலை எனக்கு. குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன், தர்பார் சேவகன் மாதிரி என்று உன் உம்மா போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

ரயில் படம் நன்றாக ஓடியது. எஞ்சினுக்கு உருக்கு வார்க்கும் இடத்தில் பெண்கள் ஓவென்று சத்தம் போட்டது வாசல் வரை கேட்டது. ஊமைப்படம் இல்லையா, நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும், அதைப் படித்துத் தமிழில் சொல்லும் வேலையை ஜலஜா டீச்சர் ஷாகிராவிடம் கொடுத்திருந்தாள். கம்பளிக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது, நம் வீட்டில் தண்ணீர் கேட்கக்கூட அவ்வளவு உரக்கப் பேசமாட்டாள், அங்கே தடங்கல் இல்லாமல், மூச்சு வாங்காமல், கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னாள். நான் குடைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது படம் தொடங்கியது. ஈ உட்கார்ந்த பண்டம் வாயில் போட்டால் காலரா என்றாள், வாலிபன் தின்றான் என்றாள், விழுந்தான் என்றாள், டாக்டர் வந்து ஊசி போட்டு மருந்துச் சீட்டு எழுதுகிறார் என்றாள். சில பெண்கள் அழுதது கேட்டது. பிழைத்துக்கொண்டான், சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு சுத்தமான சோறு சாப்பிடுகிறான் என்றாள். அதோடு சரி. கூடம் அப்படியே அடங்கிப் போயிற்று. கூச்சல் வந்திருந்தால்கூட எனக்குப் பயமில்லை, மிஷின் ஓடுகிற கடகட சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் உன் மாமியின் குரல், நிறுத்துடா மிஷினை என்று. அதுவும் நின்றது.

உள்ளே ஓடினேன். மிஷின் பக்கம்தான், திரைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து துணிக்கு அருகே வந்து நின்றுகொண்டு அக்கா கேட்டாள், “இன்னாடா வஹீது இது? பிஸ்மில்லா சொல்லித் துன்ற கையை உட்டுட்டு, ஷைத்தான் துன்ற பீச்சாங்கையால சோறு துன்றதைக் காட்டினு கீறே. சோப்புப் போட்டுக் கழுவிக்கினு பீச்சாங்கையால துன்னுன்னு கத்துக் குடுக்கறதுக்கா என் வண்டி?” எனக்கு ஒன்றும் புரியவில்லை, கடைசிக் காட்சியில் அந்த வாலிபன் இடது கையால் பிசைந்து சாப்பிட்டானாம். சாப்பிட்டானோ இல்லையோ, அந்த நேரத்தில் நான் ஐயர் வீட்டுத் தூணில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். உனக்குப் புரியும், நம் பெண்களுக்கு மட்டும் என்ன, அங்கே மாடவீதியிலிருந்து வந்திருந்த தாய்மார்களுக்கும் அது அவ்வளவே அருவருப்பு, ஐயோ கர்மம் என்று ஒரு குரல் கேட்டது. இதில்தான் இரண்டு சமூகமும் ஒற்றுமை. இந்தப் படம் நல்ல படம் என்று யார் சொன்னது என்று அக்கா கேட்டாள். பதில் நான்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். திங்கட்கிழமை முதல் வண்டி வராது, மாடுகளை அவிழ்த்துவிடச் சொல்லப்போகிறேன் என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறும், அவள் உப்புக் குறைச்சல் என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் பெண்கள் எழுந்து பாயைச் சுருட்டுகிற சத்தம். அதற்கு நடுவே எங்கேயோ என் மகள் நின்றுகொண்டிருக்கிறாள்.

அந்த நேரத்தில் எனக்கு நம் கடை ஞாபகம் வந்தது. கடைக் கதவின் கண்ணாடியில் தெருவைப் பார்த்து என் பெயர் எழுதியிருக்கிறதே, அதை நான் உள்ளே உட்கார்ந்து இத்தனை வருஷமாய்த் திருப்பித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தெருவில் போகிறவனுக்கு அப்துல் வஹீத், எனக்கு என்னவோ சீனத்து எழுத்து. பளிச்சென்று பிடித்துக்கொண்டேன். அக்கா, கொஞ்சம் நில்லுங்கள், நீங்கள் எல்லாரும் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தீர்கள், பின்னாலிருந்து பார்த்தால் வலது இடதாகத் தெரியும், இடது வலதாகத் தெரியும், அந்தப் பிள்ளை பாவம் வலது கையால்தான் சாப்பிட்டான் என்றேன். சொல்லும்போதே அது உண்மை என்று எனக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவு அழகாகப் பொருந்தியது. அந்தச் சமயம் பார்த்துக் கரீமுல்லா, “பாய், அது வந்து இன்னான்னா” என்று வாயைத் திறந்தான். தூங்கின கதையைத்தான் சொல்ல வருகிறான் என்று நினைத்து, பெரியவங்க பேசறச்சே நீ மிஷினைப் பாரு என்று அதட்டி அவன் வாயை அடைத்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அக்கா சும்மா ஒத்துக்கொள்கிறவளா. வாயால சொன்னா ஆச்சா, காட்டு என்றாள். சட்டைப்பையில் மெல்லிய காகிதம் இருந்தது, கண்ணாடி சுற்றுகிற காகிதம். மைப்பேனாவால் ஜீம் என்ற அரபு எழுத்தைப் பெரிசாக எழுதித் திரைக்கு அடியில் தள்ளினேன், வெளிச்சத்தில் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அக்கா குர்ஆன் ஓதுகிறவள், ஜீமின் வயிறு எந்தப் பக்கம் வளையும் என்பது அவளுக்கு யார் சொல்லவேண்டும். காகிதம் சலசலத்தது. முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் போல. அதுவரை குசுகுசுவென்று இருந்த பள்ளிக்கூடத்துப் பெண்கள் சட்டென்று மௌனமாகிவிட்டார்கள், என் அறிவுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஜலஜா டீச்சருக்கு மட்டும் பலமாக இருமல் வந்துவிட்டது, விளக்குப் புகையாக இருக்கும்.

காரியம் முடிந்தது என்று நான் நெற்றியைத் துடைத்துக்கொள்ளும்போது உன் உம்மா பேசினாள். இருபத்தைந்து வருஷமாக என் ஜெயத்துக்கெல்லாம் கடைசியில் ஒரு கேள்வி கேட்பது அவள் வழக்கம். “நாங்க பார்த்தப்போ அந்த டாக்டரு சோத்தாங்கையாலத்தானே சீட்டு எழுதினாரு? கை திரும்புதுன்னா, அவரு நெசத்துல பீச்சாங்கையாலயா எழுதறாரு?” என்றாள், வேண்டுமென்று இல்லை, நிஜமாகவே சந்தேகம். கூடம் முழுவதும் என் பதிலுக்குக் காத்திருந்தது. இடது கையால் எழுதுகிற டாக்டரை நீ கண்டதுண்டா, நான் கண்டதில்லை. ஆனால் வேறு வழியில்லை. ஆமாம், அந்த டாக்டர் இடது கைக்காரர், சிலபேர் அப்படிப் பிறப்பார்கள் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றாள் அக்கா. நான்தான் படத்தை முன்பக்கத்திலிருந்து முழுக்கப் பார்த்தேனே அக்கா, இந்த இரண்டு கண்ணால் என்றேன். என் கண்ணை நான் மிஷின் பக்கம் திருப்பவே இல்லை.

காகிதம் மறுபடி சலசலத்தது. பிறகு அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி, ஏ ஷாகிரா, நீதான் எழுத்தெல்லாம் படிச்சே, இங்க வா, உன் வாப்பா சொல்றது சரியா என்று கேட்டாள். மகனே, கேட்டது யாரிடம் என்று பார். பொய் சொல்லாத பெண் என்று உன் மாமி அவளைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை தவறி விழுந்தால் மாட்டை அவிழ்த்த மாதிரிதான், அதுவும் அவள் படிப்பை அவளே அவிழ்த்துவிட்ட மாதிரி. வளையல் சத்தம் கேட்டது, முக்காட்டைச் சரி செய்துகொண்டாளோ என்னவோ. பிறகு நிதானமாக, “வாப்பா சொல்ற கணக்கு சரிதான் மாமி. எழுத்து திரும்பினா கையும் திரும்பும்” என்றாள். அவ்வளவுதான். நான் அரைமணி நேரம் வியர்த்துச் சொன்னதை என் மகள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அக்கா அதைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், எழுத்து திரும்பினா கையும் திரும்பும். பிறகு, சரி, போடுடா மிஷினை என்றாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் மாமி ராத்திரி படுத்து யோசித்துக் காலையில் மனசு மாறுகிறவள், என் கல்யாணத்தையே இரண்டு தரம் மாற்றியவள். திங்கட்கிழமை விடிந்ததும் கடையைத் திறந்து, சுத்தமாக இருந்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றேன். ஷாகிரா புத்தகப் பையோடு கதவுக்குப் பின்னால் நின்றாள், என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. வழக்கமாக வருகிற நேரம் தாண்டிப் போயிற்று. பால்காரன் போனான், பேப்பர்காரன் போனான். உன் உம்மா உள்ளிருந்து வந்து, பூண்டு உரிக்கவேண்டியிருக்கு என்று எதேச்சையாகச் சொன்னாள், அவளை நான் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டாள். அப்புறம் சலங்கை கேட்டது. ஒரு மாட்டுக்கு லாடம் கழன்றதால் தாமதமாம். திரையை விலக்கிக்கொண்டு உன் மாமியே வண்டியில் உட்கார்ந்திருந்தாள், அடுத்த படம் என்றைக்கு என்று கேட்டாள். இப்போது நம் பக்கத்து வீடுகளில் எல்லாம் ஜீம் எழுதின காகிதத்தைப் பின்பக்கமாகப் பிடித்துக்காட்டிப் பாடம் நடத்துவது அவள்தான். என் தம்பி கண்ணாடிக்கடை சும்மா வைக்கலை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். ஐயரும் சந்தித்த இடத்திலெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், வக்கீலுக்குப் படித்திருக்கலாம் நீர் என்கிறார்.

ஆகவே நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் சங்கத்துப் பிள்ளைகளுக்கு எந்தப் படம் என்றால், ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்று காட்டுகிற படங்களை முதலில் போடு, ரயில், கப்பல், காகிதம், சோப்பு எதுவானாலும் சரி, கையால் வேலை செய்கிறவர்களைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கவேண்டும். உடம்பைப் பற்றின படங்கள் காட்டு, காலரா, மலேரியா, கொஞ்சம் பயந்தால் தப்பில்லை. வேறு தேசத்து ஜனங்கள் எப்படி வீடு கட்டி எப்படிச் சாப்பிட்டு எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதைக் காட்டு. சிரிப்புப் படம் ஒன்று கண்டிப்பாக வேண்டும், பெரியவர்கள் தடுமாறி விழுகிறதைப் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு நம்மேல் நம்பிக்கை வரும். புது டாக்கிகளில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தவன் பாட்டு முடிகிற வரைக்கும் குடிக்கமாட்டான், அவற்றை அவர்களே கண்டுபிடித்துப் பார்த்துக்கொள்வார்கள், நீ செலவு செய்யவேண்டாம். படம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளைகள் அதைப் பற்றிச் சண்டை போட்டால் அது நல்ல படம், பேசாமல் போய்ப் படுத்துவிட்டால் வேறு படம் தேடு. முதலில் பார்த்துச் சொல்ல ஒருவனை நியமித்தால் அன்றைக்கு அவனுக்குப் பகல் விருந்து போடாதே. இதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இன்னொன்று, எனக்குப் பெருமை தாங்கவில்லை, அன்றைக்கு ஷாகிரா அந்த இங்கிலீஷ் எழுத்துகளையெல்லாம் திரும்பிய நிலையிலேயே தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தாள், நான் என் பெயரையே அப்படிப் படிக்க இத்தனை வருஷம் முயன்று தோற்றவன். நீ போட்ட விதை, மகனே. அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு நல்ல இங்கிலீஷ் அகராதி அங்கிருந்து அனுப்பு.

ராத்திரி கண் விழித்துக் கணக்கு எழுதாதே, எழுதினால் நான் அனுப்பின கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுது, டிராயரில் வைத்துப் பூட்டுவதற்காக அனுப்பவில்லை. கொதிக்க வைத்த தண்ணீரே குடி, தெருப் பலகாரம் தொடாதே, ஈயைப் பற்றி இப்போது நம் குடும்பத்துக்கே தெரியும். தொழுகையை விடாதே. மாமிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, வண்டிக்காக நன்றி சொல்லி எழுது, வேறெதை மறந்தாலும் இதை மறக்காதே. உன் உம்மா முத்தமும் ஊறுகாய் ஜாடியும் அனுப்புகிறாள், ஜாடி நாகூர்க்காரர் ஒருவர் வரும் கப்பலில் வரும், முத்தம் இதிலேயே இருக்கிறது. அல்லாஹ் உன் பிழைப்பிலும் ரிஸ்க்கிலும் பரகத்தும் உடம்பில் ஆரோக்கியமும் தந்து, உன்னை எங்கள் கண்ணுக்கு முன்னால் நல்லபடியாகக் கொண்டுவந்து நிறுத்தட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
உன் வருகையை வாசலில் பார்த்திருக்கும் வாப்பா,
மூ. அப்துல் வஹீத்.

பின்குறிப்பு: உறையின்மேல் உன் விலாசத்தை இங்கிலீஷில் எழுத ஷாகிராவைக் கூப்பிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது, திரும்பின எழுத்தை அவ்வளவு வேகமாகப் படிக்க எங்கேயம்மா கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், எழுத்து ஒன்றும் திரும்பவில்லையாம், நேராகத்தான் இருந்ததாம். பெண்கள் பின்னால் உட்காருகிறார்களே, எழுத்துப் படிக்கமுடியாமல் போகுமே என்று கரீமுல்லா சுருளைத் திருப்பிப் போட்டு ஓட்டினானாம். வகுப்பில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்த அத்தனை பெண்களுக்கும் அது அப்போதே தெரியுமாம், ஜலஜா டீச்சருக்கு வந்தது இருமல் இல்லையாம். அப்படியானால் அந்தப் பிள்ளை நிஜமாகவே இடது கையால்தான் சாப்பிட்டானா, மாமியிடம் ஏனம்மா அப்படிச் சொன்னாய் என்றேன். எழுத்து திரும்பினால் என்றுதானே சொன்னேன் வாப்பா என்று சொல்லிவிட்டு, மை காய உறையை ஊதிக்கொண்டிருக்கிறாள்.